ஒரு கை நுழையும் இடம்

இன்ஜின் பத்தே நிமிடத்தில் உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு பக்கத்து மவுண்ட் போல்ட்டுகளும் துளையில் நேராக உட்கார்ந்தன. கியர்பாக்ஸின் வால் ஜாக்கின் மேல் நின்றது. கடினமான கட்டம் முடிந்தது என்ற நிம்மதியோடு டிஸ்ட்ரிப்யூட்டர் கேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இன்ஜினின் பின்பக்கம் குனிந்தேன். டிஸ்ட்ரிப்யூட்டர் என்பது பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்; கேப் அதன் பிளாஸ்டிக் தொப்பி. கேப் போகவில்லை. சாய்த்துப் பார்த்தேன், கீழிருந்து நுழைத்துப் பார்த்தேன், ஒயர்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். டிஸ்ட்ரிப்யூட்டரின் முகத்திலிருந்து ஃபயர்வால் வரை, அதாவது இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் தகட்டுச் சுவர் வரை, ஸ்கேலை வைத்தேன்: 42 மி.மீ. என் கேப்பின் ஆழமே 50 மி.மீ. அதன் முதுகில் மாட்டும் ஒயர்களின் ரப்பர் மூடியையும் சேர்த்தால் 80.

கார், டொயோட்டா கொரோல்லா கே.இ.70. பின்சக்கர இயக்கம், பெட்டி மாதிரியான உடம்பு, அதன் சொந்த இன்ஜின் 1.3 லிட்டர் 4கே. அதை எடுத்துவிட்டு நான் வைக்க நினைத்தது 4ஏ-ஜி.இ. குடும்பத்தின் 20 வால்வு இன்ஜின். 1,587 சி.சி., சிலிண்டருக்கு ஐந்து வால்வு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில். 1991-இல் ஏ.இ.101 கொரோல்லாவோடு வந்தது. அது முன்சக்கர இயக்கக் கார். அந்தக் காரில் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். டிஸ்ட்ரிப்யூட்டர் கேம்ஷாஃப்ட்டின் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் இருப்பதால் அங்கே அது காரின் ஓரத்தைப் பார்த்தபடி காற்றாட நிற்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை. அதே இன்ஜினை 90 பாகை திருப்பி நெடுக்காக வைத்தால், ஓரத்தைப் பார்த்த முகம் நேராக ஃபயர்வாலைப் பார்க்கிறது. தண்ணீர் வெளியேறும் வாயும் அதே பக்கம்தான். கே.இ.70-இலும், இன்னொரு பின்சக்கர இயக்கக் கொரோல்லாவான ஏ.இ.86-இலும் இந்த இன்ஜினை வைத்த எல்லாரும் இதே சுவரில் முட்டியவர்கள்தான். நானும் தெரிந்தேதான் ஆரம்பித்தேன். தெரிந்திருந்தும் முதல் தடவை தப்பாகவே செய்தேன்.

முதல் தடவை சுத்தியலை எடுத்தேன். இன்ஜினை மறுபடி தூக்கிவிட்டு, கேப் வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, உருண்டை முகச் சுத்தியலால் ஃபயர்வாலை உள்ளே தட்டினேன். தகடு கொஞ்சம் போகும், கொஞ்சம் திரும்பி வரும். ஒரு மாலை முழுக்கத் தட்டி 30 மி.மீ. பள்ளம் எடுத்தேன். ஒயர்களுக்கு நேர் மூடியை எடுத்துவிட்டு, கேப்பிலிருந்து உடனே பக்கவாட்டில் திரும்பும் 90 பாகை மூடிகளை மாட்டினேன். மொத்த ஆழம் 80-இலிருந்து 68 ஆனது. பள்ளத்தோடு சேர்த்து இடம் 72. நாலு மி.மீ. மிச்சம். ஒரு அட்டையை நுழைத்துப் பார்த்தேன், போய் வந்தது. போதும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் மேட்டில் இரண்டாம் கியரில் அழுத்தும்போது ஒரு தட்டு, கூடவே ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிகிற உதறல். கழற்றிப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டரின் மூடியில் ரப்பர் நசுங்கி வெடித்திருந்தது. கேப்பின் விளிம்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல். விரிசலின் ஓரமாகக் கரிக்கோடு ஒன்று, பென்சிலால் கீறியது மாதிரி.

அந்தக் கேப்பை மேஜையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு மி.மீ. என்பது நிற்கிற இன்ஜினுக்கு இருந்த இடம். ஓடுகிற இன்ஜின் எங்கே போகிறது என்று நான் அளக்கவே இல்லை.

டிஸ்ட்ரிப்யூட்டருக்கு இடம் வேண்டும் என்று சொல்லும்போது நாம் ஒரு எண்ணை நினைக்கிறோம். உண்மையில் அது நாலைந்து வேறு வேறு இடங்கள். இன்ஜின் அசைவதற்கு ஓர் இடம். டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், வைக்க டிஸ்ட்ரிப்யூட்டரை உடம்போடு திருப்புகிறோமே, அந்தத் திருப்பலுக்கு ஓர் இடம். கேப்பைக் கழற்றும்போது உள்ளே சுற்றும் ரோட்டாரைத் தாண்டி அதைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், அதற்கு ஓர் இடம். டிஸ்ட்ரிப்யூட்டரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுக்கு ஸ்பேனரும், ஸ்பேனரைப் பிடித்த கையும் போக ஓர் இடம். கடைசியாக மின்சாரத்துக்கு ஓர் இடம். இதில் எது பெரிதோ அதுதான் நமக்குத் தேவையான அளவு. நான் அளந்தது இவற்றில் எதையுமே இல்லை. கேப் என்ற பொருளின் தடிமனை மட்டும் அளந்தேன்.

அசைவை முதலில் சொல்கிறேன், என் கேப்பை உடைத்தது அதுதான். ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்த இன்ஜின் மூன்று விதமாக நகர்கிறது. கிராங்க்ஷாஃப்ட் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் உடம்பு முறுக்கிக்கொள்கிறது. மேலே இருக்கிற பாகம் பக்கவாட்டில் அதிகம் போகிறது. பிரேக் போட்டால் முன்னால் சரிகிறது, வேகமெடுத்தால் பின்னால், அதாவது ஃபயர்வாலைப் பார்த்து. பள்ளத்தில் விழுந்தால் தலையாட்டுகிறது. பக்க மவுண்ட்டை அச்சாக வைத்து வால் இறங்க, தலையின் பின்முனை சுவரைப் பார்த்துச் சாய்கிறது. மேட்டில் இரண்டாம் கியரில் இவை எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். பழைய மவுண்ட் ரப்பர் என்றால் இன்னும் மோசம். இப்போது நான் எந்த இன்ஜினுக்கும் ஃபயர்வால் பக்கம் 15 மி.மீ.க்குக் குறைவாக விடுவதில்லை. ரப்பர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் சரி, இதில் இறங்கி வருவதில்லை.

இதை அளக்க எளிய வழி இருக்கிறது. குழந்தைகள் உருவம் செய்யும் களிமண்ணை எலுமிச்சை அளவு உருண்டையாக்கி, கேப்பின் முதுகில் ஒட்டுங்கள். களிமண் சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். சுவர்ப் பக்கம் கொஞ்சம் எண்ணெய் தடவினால் அங்கே ஒட்டாது. பக்கவாட்டில் அசையும் இடங்களிலும் ஒன்றிரண்டு வையுங்கள். இன்ஜினை ஓட்டி, கை பிரேக்கை இழுத்துப் பிடித்து, கிளட்சை மெதுவாக விட்டு இன்ஜினை முறுக்க விடுங்கள். ரிவர்ஸிலும் ஒரு தடவை. காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. அப்புறம் களிமண்ணைப் பிளேடால் வெட்டித் தடிமனைப் பார்த்தால், இன்ஜின் எவ்வளவு நெருங்கியது என்பது அதிலேயே எழுதியிருக்கும். பானட்டுக்கும் இதே வழிதான். டிஸ்ட்ரிப்யூட்டர் செங்குத்தாக நிற்கும் இன்ஜின்களில் பானட்தான் எதிரி. களிமண்ணை மேலே வைத்துப் பானட்டை மூடித் திறந்தால் தெரிந்துவிடும்.

மின்சாரத்துக்கான இடத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் மின்னழுத்தம் 20,000, 30,000 வோல்ட் வரை சாதாரணமாகப் போகும். வறண்ட காற்று ஒரு மி.மீ.க்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் தாங்கும். அப்படியானால் 30,000 வோல்ட் ஒரு செ.மீ. இடைவெளியைத் தாண்டிக் குதிக்கலாம். ரப்பர் மூடியும் கேப்பின் பிளாஸ்டிக்கும் இதைத் தடுக்கத்தான் இருக்கின்றன. ஆனால் மூடி நசுங்கினால், ஈரம் சேர்ந்தால், மின்சாரம் பிளக்கைத் தேடிப் போகாமல் பக்கத்தில் நிற்கும் தகட்டைத் தேடிப் போகும். என் கேப்பில் இருந்த கரிக்கோடு அதன் தடம்தான். ஒருமுறை அந்தக் கோடு விழுந்துவிட்டால் அதுவே மின்சாரத்துக்கு வழியாகிவிடும், துடைத்துப் பயனில்லை, கேப்பையே மாற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் இருட்டில் இன்ஜினை ஓட்டவிட்டுப் பானட்டைத் திறந்து பாருங்கள். கசியும் இடத்தில் நீலமாக மினுக்கும்.

சரி, இடம் எங்கிருந்து எடுப்பது?

சுத்தியலைத் தொடாமல் முதலில் இன்ஜின் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்தேன். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். பாகை மானியைக் கியர்பாக்ஸின் வால் முகத்திலும் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலின் பினியன் முகத்திலும் வைத்துப் பார்த்தால், இரண்டும் இணையாக இல்லை. கிட்டத்தட்ட ஒன்றரைப் பாகை வித்தியாசம். காரணம் நான் வெட்டிச் செய்த கியர்பாக்ஸ் தாங்கு. அது 15 மி.மீ. தாழ்ந்திருந்தது. பக்க மவுண்ட்டிலிருந்து கியர்பாக்ஸ் மவுண்ட்டுக்குச் சுமார் 60 செ.மீ. டிஸ்ட்ரிப்யூட்டர் மவுண்ட்டுக்கு மேலே சுமார் 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வால் 15 மி.மீ. இறங்கினால் டிஸ்ட்ரிப்யூட்டர் 10 மி.மீ. பின்னால் போகும். சாதாரண முக்கோணக் கணக்கு. தாங்கைத் திருத்தி வாலை ஏற்றியதும், கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட்களும் சரியான கோணத்துக்கு வந்தன, ஃபயர்வாலும் 10 மி.மீ. விலகியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதையே தந்திரமாக வைத்துக்கொண்டு, இடம் கிடைக்கிறதே என்று வாலை மேலும் மேலும் ஏற்றாதீர்கள். கியர்பாக்ஸும் பினியனும் இணையாக இருப்பது போய்விட்டால் கார் ஒரு வேகத்துக்கு மேல் தரையிலிருந்து அதிரும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும். வால் எங்கே நிற்க வேண்டும் என்பதை ப்ரொபெல்லர் ஷாஃப்ட்தான் தீர்மானிக்கும்.

அடுத்து இன்ஜினை முன்னால் நகர்த்துவது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இன்ஜினோடு சேர்ந்து எல்லாமே நகரும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப், குறுக்குச் சட்டத்தை நெருங்கும். ஃபேன் ரேடியேட்டரை நெருங்கும். கியர் லீவர் தரைத் துளையின் முன் விளிம்பில் இடிக்கும். ஷாஃப்ட்டின் வழுக்கு முனை கியர்பாக்ஸுக்குள் குறைவாக நுழையும். சம்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் களிமண் வைத்துப் பார்த்ததில் எனக்கு 10 மி.மீ. தாராளமாக இருந்தது. மவுண்ட் தட்டுகளைப் புதிதாக வெட்டி அந்தப் பத்தை எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஆசைப்படவில்லை. பாரம் முன்சக்கரத்துக்கு மேல் ஏறுவது எனக்குப் பிடிக்காது. இந்த இன்ஜினை வைப்பதே கார் லேசாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆக 42 என்றிருந்தது, சுவரைத் தொடாமலேயே 62 ஆனது. அன்று மாலை முழுக்கத் தட்டி வாங்கிய 30 மி.மீ.யில் 20, இன்ஜின் இருந்த இடத்திலேயே ஒளிந்திருந்திருக்கிறது.

டிஸ்ட்ரிப்யூட்டரையே எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இந்த இடத்தில் எல்லாருக்கும் வரும். எடுக்கலாம். கிராங்க் புல்லியில் பல் சக்கரமும் சென்சாரும் வைத்து, காயில் பேக் மாட்டி, அதற்கேற்ற கண்ட்ரோல் பெட்டி போட்டால் பின்பக்கம் வெறுமையாகிவிடும். நல்ல வழிதான், பணமும் பொறுமையும் இருந்தால். ஆனால் அந்தக் காலத்து டொயோட்டா டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ரோட்டார் மட்டும் இல்லை. இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் இரண்டு பிக்கப் சுருள்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அதைப் பிடுங்கிவிட்டால் பழைய கம்ப்யூட்டருக்குக் கண்ணே போய்விடும். அதனால் சிலர் கேப்பையும் ரோட்டாரையும் மட்டும் எடுத்துவிட்டு, உடம்பை வெட்டிக் குட்டையாக்கி மூடி போட்டு, அதை வெறும் சென்சாராக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. அதற்கும் காயில்களைத் தனித்தனியாக ஓட்டத் தெரிந்த வேறு கம்ப்யூட்டர் வேண்டும் என்பதால் அப்போது தள்ளிவைத்தேன்.

வேறு இன்ஜின் வைப்பவர்கள் இந்த இடத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். என்னுடையதில் ஆயில் பம்ப்பைக் கிராங்க்கே ஓட்டுகிறது. ஆனால் ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் மாதிரியான வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) இன்ஜின்களில் டிஸ்ட்ரிப்யூட்டரின் தண்டுதான் கீழே இறங்கி ஆயில் பம்ப்பைச் சுற்றுகிறது. அதைப் பிடுங்கித் துளையை அடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஆயில் அழுத்தமே வராது, பேரிங்குகள் போய்விடும். கேப் இல்லாத குட்டைத் தண்டு ஒன்று அங்கே இருந்தே ஆக வேண்டும்.

வி8 பற்றிப் பேச்சு வந்துவிட்டது. டிஸ்ட்ரிப்யூட்டர் எங்கே இருக்கிறது என்ற ஒரு விஷயம் எத்தனை கார்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது என்று யோசித்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கும். 1955-இல் வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் அது பின்னால், சுவரை ஒட்டி. 1932-ஆம் வருட ஃபோர்டு உடம்பில் அந்த இன்ஜினை வைப்பவர்கள் உள்ளே குழிந்த ஃபயர்வாலைத் தனியாகச் செய்து மாட்டுவது அதனால்தான். 1975-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பொதுவாக வந்த எச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) டிஸ்ட்ரிப்யூட்டரில் காயிலும் கேப்பின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். நம்பகமானது, ஆனால் பெரிய தலை. பழைய உடம்பில் இடம் போதாதவர்கள் காயில் தனியாக இருக்கும் சின்ன கேப் வகைக்கு மாறுவார்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். ஃபோர்டின் சின்ன வி8-இலும், பியூயிக்கிடமிருந்து வந்த ரோவர் வி8-இலும் டிஸ்ட்ரிப்யூட்டர் முன்னால் இருக்கிறது. சின்னப் பிரிட்டிஷ் கார்களுக்குள் அவை இரண்டும் அவ்வளவு போனதற்கு எடையும் அளவும் முக்கியக் காரணம். பின்பக்கம் காலியாக இருந்ததும் கை கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். அப்படியும் 1964-இல் வந்த சன்பீம் டைகரில் ஃபோர்டு வி8-ஐ நுழைக்கத் தொழிற்சாலையிலேயே, ஃபயர்வாலைச் சம்மட்டியால் அடித்து இடம் செய்தார்கள். பின்கோடியில் இருக்கும் ஒரு பிளக்கைக் கழற்ற, சுவரில் துளை போட்டு ரப்பர் மூடி வைத்தார்கள்.

அதனால் சம்மட்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. நான் அடித்த இடம்தான் சரியில்லை. ஃபயர்வால் வெறும் மறைப்புத் தகடு என்று நினைத்துவிட்டேன். பிரேக் பூஸ்டரும் மிதிகளும் தொங்குவது அதில்தான். என் பள்ளத்தின் ஓரம் ஒரு தையலைத் தாண்டிப் போய், அங்கே ஸ்பாட் வெல்ட் ஒன்று விட்டிருந்தது. பிரேக்கை மிதித்தால் அந்தத் தகடு லேசாக மூச்சு விடுவது மாதிரி அசைந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. நசுங்கிய பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட முடிவு செய்தேன்.

வெட்டுவதற்கு முன் டாஷ்போர்டு, ஹீட்டர் பெட்டி, தரைவிரிப்பு எல்லாம் வெளியே. சுவரின் உள்பக்கம் ஒட்டியிருந்த தார் அட்டையைச் சுரண்டி எடுத்தேன். வெல்டிங் சூட்டில் முதலில் தீப்பிடிப்பது அதுதான். பேட்டரியைக் கழற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரைக் காரை விட்டே வெளியே வைத்தேன். ஒயர் கட்டை இழுத்து ஒதுக்கிக் கட்டினேன். சுவரில் ஊடுருவும் எல்லாவற்றையும் ஒருமுறை உள்ளேயிருந்தும் ஒருமுறை வெளியேயிருந்தும் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

பள்ளத்தை அட்டையில் முதலில் செய்தேன். மூன்று அட்டைப் பெட்டி வீணானது. நாலாவது சரியாக வந்தது: 35 மி.மீ. ஆழம், பக்கச் சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் சரிவாக, மேல் விளிம்பு கொஞ்சம் அகலமாக. சரிவு இருந்தால் கை நுழையும், ஸ்பேனர் திரும்பும், தகடும் விறைப்பாக நிற்கும். அகலத்தை கேப்பை வைத்து அளக்கவில்லை. கிளாம்ப் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி என் கையை வைத்து, கையைச் சுற்றிக் கோடு போட்டேன். அந்த அட்டையை 1.2 மி.மீ. தகட்டில் பதித்து வெட்டி மடித்தோம். வெல்டிங் எனக்குச் சுமாராகத்தான் வரும், இது சுமாராகச் செய்யும் வேலை இல்லை என்பதால் தெரிந்த அண்ணன் ஒருவரை அழைத்தேன். அவர் பள்ளத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ளி புள்ளியா வெச்சிட்டு விட்டுடலாம்னு நெனைக்காத தம்பி. சுத்திலும் முழுசா ஓட்டணும். ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் புகை உள்ளதான் வரும்" என்றார். உள்ளே உட்காருபவருக்கும் தீக்கும், பெட்ரோல் ஆவிக்கும், கார்பன் மோனாக்சைடுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு தகடுதான். அவர் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி மாற்றி ஓட்டி, தகடு வளையாமல் சுற்றிலும் முடித்தார். இருட்டில் ஒரு பக்கம் விளக்கைப் பிடித்து மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தோம். ஓர் இடத்தில் வந்தது. அதையும் அடைத்து, சீலர் தடவி, பெயின்ட் அடித்தோம்.

இன்ஜின் மறுபடி இறங்கியது. ஸ்கேல் 97 காட்டியது. புது கேப், 90 பாகை மூடிகளோடு 68 போக, 29 மி.மீ. மிச்சம். கேப்பின் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்னுக்கு இழுத்தேன், ரோட்டாரைத் தாண்டி வழுக்கி வெளியே வந்தது. எதுவும் உரசவில்லை. அதை மூன்று நாலு தடவை மாட்டி மாட்டிக் கழற்றினேன், தேவையே இல்லாமல்.

அன்று சாயங்காலம் டைமிங் வைத்தேன். இன்ஜினைச் சூடேறவிட்டு, டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.இ.1, இ.1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்தேன்; அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் தன் திருத்தத்தை நிறுத்திவிட்டு அடிப்படை டைமிங்கைக் காட்டும். டைமிங் லைட்டை முன்னால் இருக்கும் புல்லியில் அடிக்க, நண்பன் குனிந்து, கோடு எத்தனை பாகையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் இடது கையைப் பள்ளத்துக்குள் விட்டேன். கை முழுசாகப் போனது. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிப்யூட்டரைப் பிடித்து நூலளவு திருப்பினேன். "எட்டு," என்றான். இன்னும் கொஞ்சம். "பன்னெண்டு, ஜாஸ்தி." திரும்ப விட்டேன். "பத்துல நிக்குது, இறுக்கு." போல்ட்டை இறுக்கினேன். ஸ்பேனர் எதிலும் இடிக்காமல் ஒரு முழுக் கால் சுற்று வந்தது.